குடைக்கு அடியில் யாருக்கு எவ்வளவு நேரம்? சியாட்டில் கோடை இசை விழாக்கள் பற்றி ஒரு விமர்சனம்

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம். சியாட்டில் சென்டரில், ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்குக் கிட்டே ஒரு புல்வெளி இருக்கிறது. அதன் முன்னால் ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் 60 அடி நீளம், 17 அடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லுச் சுவர். 1962 உலகப் பொருட்காட்சிக்காக பால் ஹோரியுச்சி என்ற ஓவியர் செய்தது. கே.இ.எக்ஸ்.பி. என்கிற உள்ளூர் வானொலி கோடையில் அந்தச் சுவரின் முன்னால் இலவசக் கச்சேரிகள் நடத்தும். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. ஆபீஸ் முடிந்து அப்படியே போய், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாத டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிடலாம். பல வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு மூன்று குழுக்கள். முதலில் இரண்டு பேர் கொண்ட ஒரு ஹிப்ஹாப் ஜோடி. அடுத்து பாஞ்சோ, ஃபிடில், டபுள் பாஸ் வைத்து வாசித்த ஐந்து பேர். கடைசியாக, காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் கிடார் குழு ஒன்று. மூன்றும் உள்ளூர். மூன்றுமே நன்றாக இருந்தன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வரப்போவதெல்லாம் புகார்தான்.

நான் கவனித்தது இதைத்தான். ராப் முடிந்ததும் முன்வரிசையில் கை தூக்கி நின்றவர்கள் சாப்பாட்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். பின்னாலிருந்து வேறொரு கூட்டம் பாய் விரிக்க வந்தது. பாஞ்சோக்காரர்கள் இறங்கியதும் அந்தக் கூட்டம் பாயைச் சுருட்டியது. கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். ஒரே புல்வெளி, மூன்று கூட்டம். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கூட்டம் நிற்குமே, அந்த மாதிரி. கிராமத்துத் திருவிழாவில் நாதஸ்வரம், பட்டிமன்றம், மெல்லிசை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த எனக்கு இது உறுத்தியது. விளம்பரத்தில் 'பலவகை இசை' என்று போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் கலந்தது எது?

அந்த மூன்று குழுக்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு பகலில் வேறு வேலை இருக்கும். இங்கே பிழைப்பு அப்படி. என் புகார் அவர்கள் வாசிப்பு பற்றியது இல்லை. அவர்களை வரிசைப்படுத்துகிற முறை பற்றியது.

வெளியூர்க்காரர்களுக்கு சியாட்டில் என்றால் கிரஞ்ச். கிழிந்த ஃபிளானல் சட்டை, நிர்வானா, அவ்வளவுதான். 1992 ஜனவரியில் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் போனது உண்மை. அதே வருஷக் கோடையில் இதே ஊர்க்காரரான ராப் பாடகர் சர் மிக்ஸ்-அ-லாட்டின் ஒரு பாட்டு 5 வாரம் பாட்டுப் பட்டியலின் உச்சியில் நின்றது. ஆனால் ஊரின் கதையைச் சொல்லும்போது முதலாவதைத்தான் சொல்கிறோம். இரண்டாவது ஏதோ வேறு ஊரில் நடந்த மாதிரி.

இன்னும் பின்னால் போனால் விஷயம் சங்கடமாகிறது. 1948இல் ரே சார்ல்ஸ் பதின்ம வயதில் இந்த ஊருக்கு வந்து ஜாக்சன் தெரு கிளப்புகளில் வாசித்தார். அவரைவிடச் சின்னப் பையனான குயின்சி ஜோன்ஸ் இங்கேதான் அவருக்கு நண்பரானார். அப்போது இந்த ஊர் இசைக்கலைஞர்களுக்கு இரண்டு தொழிற்சங்கங்கள் இருந்தன. 76ஆம் எண் கிளை வெள்ளையர்களுக்கு, 493ஆம் எண் கிளை கறுப்பர்களுக்கு. எந்தக் கிளப்பில் யார் வாசிக்கலாம் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானித்தது. 1958இல்தான் இரண்டும் ஒன்றாயின. அதாவது நாம் 'இசை வகை' என்று சொல்கிற வேலிகளில் சிலது, முன்பு ஆட்களைப் பிரித்து வைத்த வேலிகள். ஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் அதில் பெரிய பங்கு இல்லை. அதனால் இந்த ஊரில் ராப்பையும் பாஞ்சோவையும் ஒரே மேடையில் ஏற்றுவதை 'வெரைட்டி' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. அதனால்தான் அது அரைகுறையாக நடக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, விழாக்களுக்கு வருவோம். சியாட்டிலின் கோடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய விழாக்கள் உண்டு. மே கடைசியில் மெமோரியல் டே விடுமுறையில் நார்த்வெஸ்ட் ஃபோக்லைஃப். செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே விடுமுறையில் பம்பர்ஷூட். இரண்டும் நடப்பது அதே சியாட்டில் சென்டர் வளாகத்தில். (ஜூலை 4க்கு முன்னால் இங்கே கோடையே வராது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். ஃபோக்லைஃபுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள்.)

பம்பர்ஷூட் பிறந்த கதை, என்னைப் போல ஐடி வேலையில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 1967 வாக்கில் போயிங்கில் இந்தப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். 1971இல் அது 40 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ஊரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்ற அர்த்தத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ரியல் எஸ்டேட்காரர்கள் ஒரு விளம்பரப் பலகையே வைத்தார்கள். அந்த வருஷம்தான் நகரசபை 25,000 டாலர் ஒதுக்கி, ஜனங்களின் மனசு கொஞ்சம் தேறட்டும் என்று ஒரு இலவசக் கலை விழா நடத்தியது. 1973இல் அதற்கு 'பம்பர்ஷூட்' என்று பெயர் வைத்தார்கள். குடைக்கு விளையாட்டாகச் சொல்கிற பழைய பெயர் அது. மழை ஊர், எல்லாக் கலைகளுக்கும் ஒரே குடை, நல்ல பெயர்.

குடை அதன்பிறகு மெதுவாகச் சுருங்கியது. 1980இல் நுழைவுக் கட்டணம் வந்தது, அப்போது 2.50 டாலர். அது பரவாயில்லை, யாரும் கொடுக்கலாம். 2015லிருந்து ஏ.இ.ஜி. என்ற பெரிய நிகழ்ச்சி நிறுவனம் நடத்திய வருஷங்களில் மூன்று நாள் பாஸ் 200 டாலரைத் தாண்டியது. நாடு முழுக்கச் சுற்றுகிற பெரிய பெயர்கள் மேலே வந்தன. உள்ளூர்க் குழுக்கள் போஸ்டரில் கீழே, கண் மருத்துவர் கடைசியாகப் படிக்கச் சொல்வாரே, அந்த வரிசைக்குப் போனார்கள். 2019உடன் அந்த ஏற்பாடு முடிந்தது. கொரோனா வந்தது. 2023இல் வேறு ஆட்கள் கையில் விழா திரும்பி வந்தது. அதே வருஷ ஜனவரியில்தான் இங்கே மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் அமேசான் 18,000 பேரையும் அனுப்புவதாக அறிவித்திருந்தன. 1971 நினைவுக்கு வராமல் இருக்குமா?

எனக்கு பம்பர்ஷூட் மேல் வெறுப்பில்லை. ஒலியமைப்பு அருமை. ஆனால் விமர்சகனாகச் சொல்கிறேன், அங்கே 'கலவை' என்பது ஒரு ஷாப்பிங் லிஸ்ட். கையில் அட்டவணை, காலில் ஓட்டம். 200 டாலர் கொடுத்தவன் தனக்குத் தெரியாத குழுவின் முன்னால் அரை மணி நேரம் நிற்க மாட்டான். போட்ட காசு வீணாகக் கூடாதே என்று தெரிந்த பேரைத் தேடித்தான் போவான். டிக்கெட் விலை ஏற ஏற, கேட்பவனின் துணிச்சல் இறங்குகிறது. உள்ளூர்க் குழுவுக்குத் தேவைப்படுவது அந்தத் துணிச்சல்தான்.

ஃபோக்லைஃப் நேர் எதிர். 1972லிருந்து நடக்கிறது, நுழைவு இலவசம், முடிந்தால் நன்கொடை போடுங்கள் என்பார்கள். நான்கு நாளில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள். ஐரிஷ் ஃபிடில், பல்கன் பாட்டு, பரதநாட்டியம், மரிம்பா, ஹிப்ஹாப் எல்லாம் உண்டு. அதிகாரப்பூர்வ மேடைகளுக்கு நடுவே நடைபாதை முழுக்கத் தெருப்பாடகர்கள் வேறு. ஒரு மேடைக்குப் போகும் வழியில் வாஷ்போர்டைத் தேய்த்துத் தாளம் போடுகிறவரிடம் மாட்டிக்கொண்டு, போக நினைத்த இடத்துக்குப் போகாமலே திரும்பி வருவீர்கள். நான் அங்கே கேட்ட நல்ல இசையில் பெரும்பகுதி வழியில் கேட்டது.

ஆனால் அந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் சம்பளம் கிடையாது. இது ரகசியமில்லை, விழாவே வெளிப்படையாகச் சொல்வதுதான், கலைஞர்கள் தன்னார்வலர்கள். கேட் போட்டால் காசு கொடுக்கலாம், கேட் போட்டால் ஃபோக்லைஃப் ஃபோக்லைஃபாக இருக்காது. ஓபன் சோர்ஸ் மென்பொருள் உலகில் இதே தகராறு ரொம்ப நாளாக ஓடுகிறது. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒன்றை, யாரோ சிலர் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பல வருஷம் நான் இந்த இடத்தில்தான் கோபப்பட்டு நின்றுவிடுவேன். 'காசு கொடுங்கப்பா' என்பதுதான் என் விமர்சனமாக இருந்தது. அதை மாற்றியது என் மகள். அதற்கு முன்னால் கொஞ்சம் ஒலி விஷயம்.

திறந்தவெளி மேடையில் பலவகைக் குழுக்களை அடுத்தடுத்து ஏற்றும்போது சில விஷயங்கள் இயற்பியலால் நடக்கின்றன. யாரும் சதி செய்யத் தேவையில்லை. முதலாவது, சத்தம். ஒரு கிடார் குழு அரை மணி நேரம் முழக்கினால் கேட்பவரின் காது தற்காலிகமாக மந்தமாகும். அதற்குப் பிறகு ஒரு ஃபிடிலை ஏற்றினால் அது கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும். ஆகவே எந்த ஏற்பாட்டாளரும் மெதுவானதை முதலில், சத்தமானதைக் கடைசியில் வைப்பார். நியாயம்தான். ஆனால் கடைசி இடம்தான் கௌரவ இடம். கூட்டம் அப்போதுதான் சேரும், அப்போதுதான் இருட்டி விளக்கு எரியும். சத்தம் குறைந்த இசை எவ்வளவு பெரிய கலைஞர் வாசித்தாலும் மதிய வெயிலுக்குப் போகிறது. இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால், மதியம் வாசிப்பது 'சின்ன' இசை, ராத்திரி வாசிப்பது 'பெரிய' இசை என்று ஜனங்களுக்குப் பழகிவிடும். காதுக்காகப் போட்ட வரிசை அந்தஸ்து வரிசையாக மாறிவிடுகிறது.

இரண்டாவது, பக்கத்து மேடை. உயர்ந்த சுருதிகளைத் தடுப்பு கொஞ்சம் தடுக்கும். பாஸ் டிரம்மின் 60 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர், அது கட்டடத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், 100 மீட்டர் தள்ளி இருக்கிற மேடையின் அடி உங்களிடம் 0.3 நொடி கழித்து வரும். அந்த மேடையின் தாளம் வேறு, இங்கே வாசிப்பவரின் தாளம் வேறு. டிரம் செட் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தாள வாத்தியம் இல்லாமல், உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு பாடுகிறவருக்கு இது சித்திரவதை.

மூன்றாவது, மேடை மாற்றம். ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற 15 நிமிஷம் இருந்தால் பெரிய விஷயம். முழு சவுண்ட் செக் நடக்காது. மைக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி. டிரம்ஸ், பாஸ், இரண்டு கிடார், ஒரு குரல் என்றால் மிக்ஸர்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார், ஆயிரம் தடவை செய்த வேலை. அதே ஆளிடம் டபுள் பாஸ், கோரா, மிருதங்கம் என்று போனால் ஒவ்வொன்றையும் புதிதாகக் கேட்டுப் பழக வேண்டும். முதல் இரண்டு பாட்டு அதிலேயே போகும். அரை மணிக் கச்சேரியில் இரண்டு பாட்டு என்றால் கால்வாசி. மேடை எல்லாருக்கும் சமம் என்று அட்டவணை சொல்கிறது. மிக்ஸர் அப்படிச் சொல்லவில்லை.

இவற்றைவிடப் பெரியது நான்காவது. அரை மணி நேரம் என்ற அளவே ஒரு இசை வகை. மூன்றரை நிமிஷப் பாட்டு எட்டு பாடுகிறவருக்கு அது முழுக் கச்சேரி. ஆலாபனை செய்து ராகத்தை மெதுவாகத் திறக்கிறவருக்கு அது செருப்பைக் கழற்றுகிற நேரம். நீளமாக வளர்கிற ஜாஸுக்கும் அப்படியே. அதனால் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? தங்கள் இசையை நறுக்கி, முப்பது நொடியில் 'நான் யார்' என்று சொல்லிவிடுகிற துண்டுகளாகக் கொண்டு வருகிறார்கள். கடைசியில் மேடையில் ஏழு வகை உடை, ஏழு வகை வாத்தியம், ஆனால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே நீளம், ஒரே இடத்தில் கைதட்டல். வெளியே பார்த்தால் கலவை, உள்ளே பார்த்தால் ஒரே அச்சு.

இப்போது மகள். பதினாறு வயது, டிரம்ஸ் வாசிக்கிறாள். நாலு பிள்ளைகள் சேர்ந்த ஒரு குழு. அவள் பிறப்பதற்கு முன்னால் இந்த ஊரில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. 1985இல் வந்த டீன் டான்ஸ் ஆர்டினன்ஸ். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கான நடன நிகழ்ச்சி நடத்த 10 லட்சம் டாலர் காப்பீடு வேண்டும், பணியில் இல்லாத போலீஸ்காரர்களைக் காவலுக்கு அமர்த்த வேண்டும் என்றது. நடத்த முடியாது என்பதற்கு அது இன்னொரு பெயர். கிரஞ்ச் உலகம் முழுக்கப் பரவிய காலத்தில் அது பிறந்த ஊரின் பள்ளிப் பிள்ளைகளால் அதைக் கேட்கப் போக முடியவில்லை. 2002இல்தான் அது போனது. 2001இல் தொடங்கிய வேரா ப்ராஜெக்ட் என்கிற எல்லா வயதினருக்குமான இசைக்கூடம் இப்போது சியாட்டில் சென்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்த மாதிரி இடங்கள் வந்ததால்தான் என் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு மேடையில் ஏறத் தோன்றுகிறது.

போன கோடையில் பக்கத்துப் புறநகர் ஒன்றின் விழாவில் அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. பகல் பன்னிரண்டு மணி. 25 நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள். முன்னால் வாசித்தவர்கள் இழுத்ததில் 15 ஆனது. சம்பளம் கிடையாது, ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் கூப்பன். காரில் திரும்பும்போது நான் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். உழைப்புக்குக் கூலி வேண்டும், இலவசமாக வாசித்தால் மதிப்பில்லை, இத்யாதி. அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம், "அப்பா, காசு எனக்கு வேணாம்னு சொல்லல. ஆனா அந்தப் பத்து நிமிஷத்தக் குடுத்திருந்தா போதும்ப்பா. மானிட்டர்ல எனக்கு பாஸ் கேக்கவே இல்ல. யாருமே கேக்கல, உனக்கு என்ன கேக்குதுன்னு" என்றாள்.

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் விவாதம் முழுக்க டாலரில் நடக்கிறது. மேடை ஏறுகிறவருக்கு டாலருக்கு முன்னால் வேறு இரண்டு கூலி இருக்கிறது. நேரம், தான் வாசிப்பது தனக்குக் கேட்பது. பணமில்லாத விழாக்கூட இந்த இரண்டையும் கொடுக்கலாம். பதினாலு குழுவுக்குப் பதில் ஒன்பது குழு. போஸ்டரில் ஐந்து பெயர் குறையும், ஐந்து பேருக்கு வருத்தம் வரும், அதை மறைக்க முடியாது. என் மகளின் குழுவே அந்த ஐந்தில் ஒன்றாக இருந்திருக்கும். இதை அவளிடம் சொன்னேன். "ஆமா, தெரியும்" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வரிசை விஷயத்தில் என் யோசனை எளிமையானது. வருஷத்தில் ஒரு நாளாவது அட்டவணையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். இருட்டிய பிறகு, விளக்கு எரியும்போது, கூட்டம் நிறைந்திருக்கும்போது பாஞ்சோ ஏறட்டும். கிடார்க்காரர்கள் மதியம் முழக்கட்டும், நடுவே ஒரு மணி நேரம் காது ஆறட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த குழுவுக்கு ஒழுங்கான சவுண்ட் செக் நடத்திவிடலாம். சாப்பாட்டு வண்டிக்காரர்களுக்கும் சந்தோஷம். கூட்டம் கலைந்துவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் பயப்படுவார்கள், அது நியாயமான பயம். ஆனால் கேட் இல்லாத புல்வெளியில் கூட்டம் கலைந்தால் போவது காசு இல்லை. அந்த வசதி பம்பர்ஷூட்டுக்குக் கிடையாது. இலவச விழாவுக்கு உண்டு.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவை திரும்புகிறேன். மூன்று கூட்டம், மூன்று பஸ் என்று எழுதினேன் இல்லையா, அது முழு உண்மை இல்லை. ராப் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு இடதுபக்கம் புல்லில் ஒரு பெண் கிடார்ப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். பாஞ்சோ ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்தாள், ஃபிடில்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை தன் முழங்காலில் அந்த வில் அசைவைப் போட்டுப் பார்த்தாள். அந்தக் குழு முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனாள். மூன்றாவது குழுவின் கிடார் அவள்தான்.